ஒரே ஒரு விமானத்துக்கான புரொப்பெல்லர்

இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945 முதல் 1950களின் நடுப்பகுதி வரை, டர்போப்ராப் எஞ்சின் பொருத்திய சோதனை விமானங்கள் பல பறந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்று, இரண்டு என்ற எண்ணிக்கையோடு நின்றுபோயின. இந்த விமானங்களைச் சிற்றளவு மாதிரிகளாகச் செய்ய முனைந்தவர்களுக்கு உடலும் இறக்கையும் பெரிய சிக்கலாக இருந்ததில்லை. அமெரிக்காவின் எக்ஸ்எஃப்-84எச், எஃப்-84எஃப் போர் விமானத்தை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்டது. எக்ஸ்பி-47டி, பி-47 குண்டுவீச்சு விமானத்தில் எஞ்சினை மாற்றிச் செய்யப்பட்டது. மூல விமானத்தின் கிட் கடையில் கிடைக்கும். அதை வெட்டி ஒட்டி முக்கால் பங்கு வேலையை முடித்துவிடலாம். அவற்றின் புரொப்பெல்லர் மட்டும் எந்தக் கிட்டிலும் கிடைக்காது.

இதற்கான காரணம் உண்மையான விமானங்களின் வரலாற்றில் இருக்கிறது. பிஸ்டன் எஞ்சின் காலத்தில் புரொப்பெல்லர் ஏறக்குறைய ஒரு பொதுச் சரக்கு. ஹாமில்டன் ஸ்டாண்டர்ட், கர்டிஸ், ரோட்டோல் போன்ற நிறுவனங்கள் செய்த ஒரே குடும்பத்துப் பிளேடுகள் பல வகை விமானங்களில் பொருத்தப்பட்டன. மாதிரி செய்பவர் ஒரு கிட்டின் புரொப்பெல்லரைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினால் பெரும்பாலும் பொருந்திவிடும். டர்போப்ராப் வந்ததும் இந்த வசதி போயிற்று. வாயுச் சுழலி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுவது; புரொப்பெல்லருக்கோ ஆயிரம், இரண்டாயிரம் சுற்றே ஏற்றது. நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வேண்டும். அதைத் தாண்டி வரும் ஐயாயிரம் குதிரைத்திறனைக் காற்றில் செலுத்தப் பழைய பிளேடுகள் போதவில்லை. விட்டத்தைக் கூட்டலாம், பிளேடுகளின் எண்ணிக்கையைக் கூட்டலாம், அகலத்தைக் கூட்டலாம், அல்லது வேகமாகச் சுழற்றலாம். எது சரி என்று அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. ஒவ்வொரு விமானமும் ஒரு விடையை முயன்று பார்த்தது. பரிசோதிக்கப்பட்டது விமானம் என்பதைவிட அதன் புரொப்பெல்லர் என்றுகூடச் சில நேர்வுகளில் சொல்லலாம்.

இயங்கிக் காட்டிய முதல் டர்போப்ராப், ஹங்கேரியப் பொறியாளர் ஜியோர்ஜி யெண்ட்ராசிக் புடாபெஸ்டின் கான்ஸ் ஆலையில் உருவாக்கிய சிஎஸ்-1. 1940இல் சோதனை மேடையில் ஓடியது, வானத்துக்குப் போகவில்லை. டர்போப்ராப்பால் முதலில் பறந்தது பிரிட்டனின் குளோஸ்டர் மீட்டியர். ரோல்ஸ்-ராய்ஸ் தன் டெர்வென்ட் ஜெட் எஞ்சினோடு கியர்பாக்ஸைச் சேர்த்து ‘டிரென்ட்’ என்ற எஞ்சினைச் செய்தது. அது பொருத்தப்பட்ட இஇ227 எண் மீட்டியர் 1945 செப்டம்பர் 20 அன்று பறந்தது. ஐந்து பிளேடுகள் கொண்ட அதன் ரோட்டோல் புரொப்பெல்லர்கள் சுமார் 2.41 மீட்டர் விட்டம் உடையவை. தரையில் இடிக்காமல் இருக்க விமானத்தின் கால்களையே நீட்ட வேண்டியிருந்தது. பின்னர் சோதனைக்காக அதே விமானத்தில் ஒன்றரை மீட்டருக்கும் சற்றுக் குறைவான சிறிய புரொப்பெல்லர்கள் மாட்டப்பட்டன. 1/72 அளவில் இது 33 மில்லிமீட்டருக்கும் 20 மில்லிமீட்டருக்கும் உள்ள வேறுபாடு. மாதிரி செய்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்தத் தேதியின் விமானம் என்பதைத்தான். சோதனை விமானங்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வரும்.

அமெரிக்காவில் கதையின் மையம் ஆலிசன் நிறுவனத்தின் டி40 எஞ்சின். டி38 என்ற இரண்டு சுழலிகளை அருகருகே வைத்து, ஒரே கியர்பாக்ஸில் இணைத்தது அது. ஐயாயிரம் குதிரைத்திறனுக்கு மேல் தரும் என்பது கணக்கு. 1950இல் பறந்த டக்ளஸ் ஏ2டி ஸ்கைஷார்க்கும், கான்வேரின் எக்ஸ்பி5ஒய் பறக்கும் படகும், அதிலிருந்து வந்த ஆர்3ஒய் டிரேட்விண்டும், நார்த் அமெரிக்கனின் எக்ஸ்ஏ2ஜேயும் இந்த எஞ்சினையே நம்பின. இவற்றில் எதிரெதிராகச் சுழலும் இரட்டைப் புரொப்பெல்லர்கள் இருந்தன: முன்னே மூன்று பிளேடு, பின்னே மூன்று பிளேடு. பிளேடின் கோணத்தைக் கட்டுப்படுத்திய மின்னணு அமைப்பு வெற்றிடக் குழாய்களால் ஆனது; அதிர்வையும் வெப்பத்தையும் அது நன்றாகத் தாங்கவில்லை. கியர்பாக்ஸும் தொல்லை கொடுத்தது. ஸ்கைஷார்க்கின் முதல் மாதிரி 1950 டிசம்பரில் விழுந்து நொறுங்கியதில் விமானி இறந்தார். எஞ்சின் தோற்றதால் விமானங்கள் தோற்றன. விமானங்கள் தோற்றதால் அவற்றுக்கென்றே செய்த புரொப்பெல்லர்களுக்கும் அடுத்த தலைமுறை இல்லாமல் போயிற்று.

டி40 குடும்பத்தில் பொதுமக்களின் கண்ணில் அதிகம் பட்டவை, வாலில் நின்று நேராக மேலெழ வேண்டிய இரண்டு கடற்படை விமானங்கள். கான்வேர் எக்ஸ்எஃப்ஒய்-1 போகோ 1954 ஆகஸ்டில் கட்டின்றி எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜேம்ஸ் கோல்மன் அதைச் செங்குத்தாக எழுப்பி, கிடையாகப் பறக்கவிட்டு, மீண்டும் வாலில் இறக்கினார். லாக்ஹீட் எக்ஸ்எஃப்வி-1 தற்காலிகச் சக்கரங்களோடு சாதாரண விமானம்போல ஓடித்தான் எழுந்தது, செங்குத்தாக எழவேயில்லை. இரண்டிலும் கர்டிஸ்-ரைட் செய்த 16 அடி விட்டமுள்ள எதிர்ச்சுழல் புரொப்பெல்லர்கள். போகோவின் இறக்கை விரிவு 8.43 மீட்டர், புரொப்பெல்லரின் விட்டம் 4.88 மீட்டர். இறக்கையின் பாதியைவிடப் பெரிய புரொப்பெல்லர் எந்த மாதிரியிலும் பார்வையை முதலில் இழுக்கும். அதில் தவறு இருந்தால் அதுவே முதலில் தெரியும். போகோவிலும் தேதிக் கேள்வி உண்டு. மோஃபெட் தளத்தில் பழைய ஆகாயக் கப்பல் கொட்டகைக்குள் அதைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சோதித்தபோது, கயிற்றை மாட்டுவதற்காக மூக்குக் கூம்பைக் கழற்றி வைத்தார்கள். அந்தக் கட்டத்தைக் காட்டும் மாதிரிக்குப் புரொப்பெல்லரின் மையப்பகுதி முழுவதையும் நுணுக்கமாகச் செய்தாக வேண்டும். கூம்பு போட்டு மறைக்க வழியில்லை.

எல்லாவற்றிலும் முரட்டுத்தனமானது ரிபப்ளிக் எக்ஸ்எஃப்-84எச். 1955 ஜூலை 22 அன்று எட்வர்ட்ஸ் தளத்தில் முதலில் பறந்தது. 5,850 குதிரைத்திறன் கொண்ட எக்ஸ்டி40 எஞ்சின் விமானியின் இருக்கைக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளத் தண்டு மூக்கிலிருந்த கியர்பாக்ஸுக்கு ஓடியது. இங்கே இரட்டைப் புரொப்பெல்லர் இல்லை. ஏரோபுராடக்ட்ஸ் நிறுவனம் செய்த 12 அடி விட்டமுள்ள, நுனி சதுரமாக வெட்டப்பட்ட மூன்று பிளேடு மட்டுமே. அது நிமிடத்துக்கு 2,100 சுற்று என்ற மாறாத வேகத்தில் ஓடியது. இழுவிசையைக் கூட்டுவதும் குறைப்பதும் பிளேடின் கோணத்தை மாற்றித்தான். அந்த விட்டத்துக்கும் வேகத்துக்கும் கணக்குப் போட்டால் நுனி மணிக்குச் சுமார் 1,450 கிலோமீட்டரில் போகிறது. ஒலியின் வேகத்தைப்போல் 1.18 மடங்கு. விமானம் ஓடுபாதையில் சும்மா நிற்கும்போதே நுனிகள் ஒலியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு பிளேடும் இடைவிடாமல் அதிர்வலைகளை வீசியது. சத்தம் நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்டதாகச் சொல்வார்கள். அருகில் வேலை செய்தவர்களுக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தன. ‘தண்டர்ஸ்க்ரீச்’ என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

கட்டப்பட்ட இரண்டு எக்ஸ்எஃப்-84எச் விமானங்களும் சேர்ந்து 12 முறை பறந்தன. அவற்றில் 11 முறை ஹென்றி பியர்ட் ஓட்டினார். ஒருமுறை ஓட்டிய லின் ஹெண்ட்ரிக்ஸ் மறுபடி ஏற மறுத்துவிட்டார். 1956இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒற்றைப் புரொப்பெல்லரின் திருகுவிசையைச் சமாளிக்க, விமானியின் இருக்கைக்குப் பின்னால் ஒரு முக்கோணத் துடுப்பு. இடது காற்று வாயில் வலதைவிட முன்னே தள்ளியிருந்தது. மாதிரி செய்பவர்கள் இவற்றையெல்லாம் பிளாஸ்டிக் தகட்டால் ஒரு மாலையில் முடித்துவிட்டு, புரொப்பெல்லரிடம் வந்து நின்றுவிடுவார்கள். 1/72 அளவில் அதன் விட்டம் 50.8 மில்லிமீட்டர், 1/48இல் 76.2. விட்டத்தில் புதிர் இல்லை. அடியில் தொடங்கி நுனிவரை அகலம் எப்படி மாறுகிறது, முறுக்கு எவ்வளவு, எவ்வளவு மெலிந்தது என்பவைதான் கேள்வி. ஏரோபுராடக்ட்ஸ் பெயர் பொறித்த பிளேடுகள் பி-51கே, பி-63 ஆகிய போர்க்கால விமானங்களின் கிட்டுகளில் உண்டு. பெயரை நம்பி அவற்றை எடுத்தவர்கள் ஏமாந்தார்கள். ஒலியின் வேகத்துக்குக் கீழே சுழல்வதற்கென்று வடிவமைத்தவை அவை. வெளிவடிவமும் தடிமனும் வேறு.

ஒலியைத் தாண்டும் பிளேடு என்ற எண்ணத்தை முறையாக ஆராய்ந்தது மெக்டொனல் எக்ஸ்எஃப்-88பி. இரண்டு ஜெட் எஞ்சின்களோடு பறந்துகொண்டிருந்த விமானத்தின் மூக்கில் கூடுதலாக ஒரு டி38ஐப் பொருத்தி, 1953 முதல் லாங்லியில் அமெரிக்க வானூர்தி ஆய்வு அமைப்பான நாகா வெவ்வேறு புரொப்பெல்லர்களை மாற்றி மாற்றிச் சோதித்தது. அந்த விமானத்துக்கு ‘சரியான’ புரொப்பெல்லர் என்று ஒன்று கிடையாது. எந்த நாளின் புகைப்படம் கையில் இருக்கிறதோ அதுவே சரி. எக்ஸ்பி-47டியின் கதை சுருக்கமானது. 1955 ஆகஸ்டில் பறந்த அந்த விமானத்தின் இரண்டு ரைட் ஒய்டி49 எஞ்சின்களிலும் நான்கு அகலப் பிளேடுகள் கொண்ட 15 அடி கர்டிஸ் புரொப்பெல்லர்கள் இருந்தன. இரண்டு விமானங்கள் செய்யப்பட்டன. இரண்டும் பழைய இரும்பாகிப் போயின.

இந்த விமானங்கள் பறந்துகொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்கப் பிளாஸ்டிக் கிட் நிறுவனங்கள் அவற்றைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கின. லிண்ட்பெர்க் போகோவை விற்றது. ஹாக் நிறுவனம் எக்ஸ்எஃப்வி-1ஐ விற்றது. ரெவெல் டிரேட்விண்டைக் கொண்டுவந்தது. பல கிட்டுகளின் அளவு விகிதம் வரையறுக்கப்பட்டது அல்ல. கைவசமுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்பதே விதி. அந்தக் கிட்டுகளின் புரொப்பெல்லரை இன்னொரு மாதிரிக்குக் கடன் வாங்கவும் முடியாது. உருகிய பிளாஸ்டிக் அச்சின் கடைசி மூலை வரை ஓட வேண்டுமென்றால் பிளேடு ஓரளவு தடித்திருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் தடிமனை 1/72இலிருந்து திருப்பிக் கணக்கிட்டால் உண்மையில் 36 மில்லிமீட்டர் ஆகிறது. நுனியில் அவ்வளவு தடித்த ஒன்றை ஒலியைத் தாண்டிச் சுழற்ற எந்தப் பொறியாளரும் துணியமாட்டார்.

அடுத்த வழி, பொருந்தக்கூடிய பிளேடை வேறு கிட்டிலிருந்து எடுத்துச் செதுக்குவது. மூன்று பிளேடு வேண்டுமென்றால் லாக்ஹீட் சி-130ஏ முதல் தேர்வு. அந்த விமானத்தின் தொடக்க காலப் பிரதிகளில் முதலில் கர்டிஸும் பிறகு ஏரோபுராடக்ட்ஸும் செய்த மூன்று பிளேடுகள் இருந்தன. அதன் டி56 எஞ்சினும் டி38இன் வழித்தோன்றலே. அகலமான சதுர நுனிக்கு எலக்ட்ராவும் பி-3 ஓரியனும். எதிர்ச்சுழல் ஜோடி வேண்டுவோர் பிரிட்டனின் கேனெட், ஷாக்கில்டன் கிட்டுகளைத் தேடினார்கள். அங்கே ஒரு பொறி உண்டு. இடஞ்சுழி பிளேடைப் புரட்டிப் போட்டால் வலஞ்சுழி ஆகாது. கண்ணாடியில் தெரியும் பிம்பம்போலத் தனியாகத்தான் செய்ய வேண்டும். முன்னும் பின்னும் ஒரே கைச்சுழியில் பொருத்தப்பட்ட மாதிரிகள் இப்படித்தான் உருவாயின.

சோவியத் பக்கம் இந்தத் தட்டுப்பாடு கிடையாது. டுப்போலெவ் டியு-95இன் முதல் மாதிரி 1952 நவம்பரில் பறந்து, அடுத்த மே மாதத்தில் எரிந்து விழுந்தது. ஆனால் அதன்பின் வந்த குஸ்நெட்சோவ் என்கே-12 எஞ்சின் தேறியது. 5.6 மீட்டர் விட்டமுள்ள நான்கும் நான்குமான எட்டுப் பிளேடுகளை நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று என்று நிதானமாகச் சுழற்றுவது அதன் வழி. தண்டர்ஸ்க்ரீச் தேர்ந்த வழிக்கு நேர் எதிர். விமானம் பல நூறு பிரதிகளாகக் கட்டப்பட்டதால் கிட்டுகளும் மாற்றுப் பாகங்களும் பெருகின. அதே குடும்பத்து டியு-142 விமானங்களை இந்தியக் கடற்படை அரக்கோணத்தின் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து 2017 மார்ச் வரை பறக்கவிட்டது. சோதனை மேடையில் தொடங்கிய எதிர்ச்சுழல் புரொப்பெல்லர் அன்றாட வேலைக்கு வந்த மிகச் சில இடங்களில் அரக்கோணம் உள்ள ராணிப்பேட்டை மாவட்டமும் ஒன்று. ஓய்வுபெற்ற ஒரு டியு-142 இப்போது விசாகப்பட்டினம் கடற்கரையில் காட்சியகமாக நிற்கிறது. அதன் பிளேடுகளை யாரும் கிட்டப்போய்ப் பார்த்துப் படமெடுக்கலாம்.

கடன் வாங்க எதுவும் இல்லாதவர்கள் தாங்களே செய்தார்கள். முறை எளியது, பொறுமை மட்டும் வேண்டும். பித்தளைத் தகட்டிலோ பிளாஸ்டிக் தகட்டிலோ பிளேடின் வெளிவடிவத்தை வெட்டி, அடிப்பகுதியைப் பிடித்து நுனியைத் திருகி, ஓரங்களை அரத்தால் மெலிதாக்குவார்கள். பிளேடு அடியிலிருந்து நுனிவரை ஒரே கோணத்தில் இருப்பதில்லை. நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் ஓடுவதால், நுனி தட்டையாகவும் அடி செங்குத்தாகவும் இருந்தால்தான் எல்லா இடத்திலும் காற்றைச் சரியாக வெட்டும். இதற்கு ஒரு நாட்டு வைத்தியம் உண்டு. வெட்டிய துண்டை உருளையான பாட்டிலின் மீது சற்றுச் சாய்வாக வைத்துக் கட்டி, வெந்நீரில் சூடாக்கி ஆறவிட்டால் வளைவும் முறுக்கும் ஒருசேர வந்துவிடும். ரப்பர் முறுக்கில் பறக்கும் மாதிரிகளைச் செய்பவர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றும் முறை அது. கடினம் பிளேடைச் செய்வதில் இல்லை, மூன்றும் ஆறும் எட்டுமாக ஒன்றுபோலச் செய்வதிலும் அவற்றை மையத்தில் சம இடைவெளியில் நிறுத்துவதிலும் இருக்கிறது. கோடுகள் கீறிய பலகையில் ஊசியால் நிறுத்தி ஒட்டுவது அதற்காகத்தான்.

ஒரே பிளேடைப் பலமுறை வார்க்கும் தொழில்நுட்பம் கைக்கு வந்ததும் அந்தக் கடினம் குறைந்தது. முதலில் வந்தது, ஈயம், வெள்ளீயம் போன்ற தாழ்ந்த வெப்பத்தில் உருகும் உலோகங்களின் கலவை. பிரிட்டனின் ஏரோகிளப் நிறுவனம் அவ்வகைப் புரொப்பெல்லர்களைத் தனிப் பாகங்களாக விற்றது. கனமானது என்று குறை சொன்னார்கள். மூக்குச் சக்கர விமான மாதிரி வாலில் உட்காராமல் இருக்க எப்படியும் மூக்கில் எடை வைக்க வேண்டும் என்பதால், அந்தக் கனம் பாதி நன்மைதான். மென்மையான உலோகம் ஆதலால் முறுக்கை விரலாலேயே திருத்தலாம். அதே விரல் தெரியாமல் பட்டாலும் கோணம் மாறிவிடும். பிறகு சிலிக்கான் ரப்பர் அச்சில் ரெசின் வார்க்கும் முறை பரவியது. ஒரு பிளேடை மட்டும் உயிரைக் கொடுத்துச் செதுக்கி, அச்செடுத்து, வேண்டிய அளவு வார்த்துக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் தொட அஞ்சிய விமானங்களைச் சிறு பட்டறைகள் இந்த முறையில்தான் கொண்டுவந்தன. ஹாங்காங்கின் அனிகிராண்ட் வெளியிட்ட எக்ஸ்எஃப்-84எச் ரெசின் கிட் அவற்றில் ஒன்று.

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முப்பரிமாண அச்சு வந்து, செதுக்கும் வேலையையே கணினிக்கு மாற்றிவிட்டது. இடஞ்சுழியை வலஞ்சுழியாக்க ஒரு சொடுக்கு போதும்; 1/72ஐ 1/48 ஆக்குவதும் அவ்வாறே. அளவை மாற்றும்போது தடிமனும் கூடவே மாறும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெரிய அளவில் அழகாக வந்த ஓரம் சிறிய அளவில் அச்சாகாமல் உதிர்ந்துபோகும். அதைவிட முக்கியமாக, இயந்திரம் கொடுத்த வடிவத்தைத் துல்லியமாகத் தரும். கொடுத்த வடிவம் ஊகமாக இருந்தால் துல்லியமான ஊகம் வரும்.

பறக்கும் மாதிரிகளுக்கு வேறு வழக்கு. எக்ஸ்எஃப்-84எச்சை 1/8 அளவில் செய்தால் இறக்கை விரிவு 1.27 மீட்டர், புரொப்பெல்லர் 45 சென்டிமீட்டருக்கு மேல். சிறு பிளேடுக்கும் பெரிய பிளேடுக்கும் காற்று ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. உண்மையான புரொப்பெல்லரின் வடிவத்தை அப்படியே சுருக்கினால் இழுவிசை எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே கிடைக்கும். இதனால் பறப்பதற்கு ஒன்று, காட்சிக்கு ஒன்று என்று இரண்டு புரொப்பெல்லர் வைத்துக்கொள்வது பழைய மரபு. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் சிற்றளவு மாதிரிப் போட்டி விதிகளும் பறக்கும்போது மட்டும் வேறு புரொப்பெல்லர் மாட்ட அனுமதிக்கின்றன; மூக்குக் கூம்பு மட்டும் மாறக்கூடாது. எதிர்ச்சுழல் ஜோடியைப் பறக்கவைக்க விரும்புபவர் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தண்டுகளும் இரண்டு மோட்டார்களும் தேட வேண்டியிருக்கும்.

எந்த வழியில் செய்தாலும் அளவு எங்கிருந்தோ வர வேண்டும். எஞ்சியிருக்கும் விமானங்கள் சில. முதல் எக்ஸ்எஃப்-84எச் கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு விமான நிலையத்தில் கம்பத்தின் மீது பல ஆண்டுகள் நின்றது. மின்மோட்டாரால் அதன் புரொப்பெல்லரைச் சுழலவும் விட்டார்கள். 1990களில் ஒஹாயோ விமானத் தேசியக் காவல்படையினர் அதைப் புதுப்பித்தனர். இப்போது அது டேட்டன் அருகே அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போகோ ஸ்மித்சோனியன் வசம் உள்ளது. எக்ஸ்எஃப்வி-1 புளோரிடாவின் லேக்லாந்தில் நிற்கிறது. இவற்றின் பிளேடுகளை நேரில் படமெடுத்து அளக்க முடியும்.

இஇ227 மீட்டியர், எக்ஸ்எஃப்-88பி, எக்ஸ்பி-47டி ஆகியவற்றுக்கு அந்த வசதியும் இல்லை. அங்கே புகைப்படமே சான்று. தெரிந்த விட்டத்தை வைத்துப் படத்தில் பிளேடின் நீளத்தை அளந்து, அந்த விகிதத்தில் அகலத்தைக் கணக்கிடுவார்கள். பிளேடு கேமராவுக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருந்தால் அகலம் குறைந்து தெரியும். ஒரே பிளேடை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் காட்டும் இரண்டு படங்கள் கிடைத்தால் சாய்வைப் பிரித்தெடுத்து உண்மை அகலத்தை அடையலாம். ஒன்றே கிடைத்தால், பிளேடுகளில் எது கேமராவுக்கு மிக அகலமாகத் தெரிகிறதோ அதையே எடுத்துக்கொள்வது வழக்கம். மற்றவை சாய்வினால் குறுகித் தெரிபவை.